மூன்றாவது தடவை கூப்பிட்டவர்

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்பதில் ஒரு தனி சுகம் இருக்கிறது. மற்றவர்களுக்கு அது மதியச் சாப்பாடு வரைக்கும் நீடிக்கும். எனக்கு, என்னைப் பெண் பார்க்க வந்த நாள் வரைக்கும் நீடித்துத் தொலைத்தது.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு க்ளியரிங் ஏஜென்ட் ஆபீசில் அப்போது வேலை. வருகிற கன்டெய்னருக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுப்பது எங்கள் தொழில். முதலாளி பொன்ராஜ் அண்ணாச்சி புதிதாக இன்டர்நெட் போன் வாங்கியிருந்தார். எந்த அழைப்பு யாருக்குப் போக வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைக்க ஆள் தேடினார். நான் கையைத் தூக்கினேன். (யூடியூபில் பாதி வீடியோ பார்த்திருந்தேன்.)

இறக்குமதிக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு இரண்டு என்று வரவேற்கிற குரலும் என்னுடையதுதான். சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிறவள் என்பதால் என் குரல்மேல் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அதோடு நிறுத்தியிருக்கலாம். லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் தொல்லை தாங்க முடியவில்லை. எந்த எண்ணையும் அழுத்த மாட்டார்கள், விடாமல் கூப்பிடுவார்கள். அவர்களுக்காகத் தனியாக ஒரு விதி போட்டேன். தெரியாத நம்பர் ஒன்று எதையும் அழுத்தாமல் இரண்டு தடவை வந்தால், மூன்றாவது தடவையிலிருந்து இது ஒலிக்கும்:

"எத்தன தடவதான் சொல்லுதது? ஒண்ணும் வேண்டாம்! மானம் ரோசம் உள்ளவங்க இதுக்கு மேல கூப்பிட மாட்டாங்க. வைங்க போன!"

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "ஏளா, எனக்கே பயமா இருக்கு" என்றார். லோன்காரர்கள் ஓய்ந்தார்கள். சம்பளம் கூடும் என்றுகூட நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சாத்தான்குளத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையை ஒரு கல்யாண வீட்டில் ஏற்கனவே பார்த்திருந்தேன். பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. அதற்கு முன்னால் வந்த இடம் "பொண்ணு சத்தமா பேசுதா" என்று சொல்லிப் போயிருந்ததால், அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அதையும் மெதுவாச் சொல்லு."

மாப்பிள்ளையின் அப்பா ரிட்டயர்டான வாத்தியார். முறுக்கை ஒடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஒன்னப் பத்தி விசாரிக்கலாம்னு ஒங்க ஆபீசுக்குப் போன் போட்டேம்மா. ஒரு பொம்பள எடுத்தா. வணக்கம் சொல்லி, பேரு ஊரு எல்லாம் சொல்லுதேன். அவ பாட்டுக்கு ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு பேசிட்டே போறா. சரி, சோலியா இருக்கான்னு வச்சிட்டேன். மறுபடி போட்டாலும் அதே கததான். மூணாந்தடவ..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாத்தியாரா இருந்தவன்மா நான். மானம் ரோசம் இருக்கான்னு கேட்டுட்டா. அவகூட நீ எப்படிம்மா வேல பாக்க?"

பெண் பார்க்க வருமுன் வேலை செய்கிற இடத்தில் நைசாக விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஊருக்கே தெரிந்த விஷயம், விதி போட்டவளுக்குத் தோன்றவில்லை.

வாயைத் திறந்தால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். தலையை மட்டும் ஆட்டினேன். அதற்கப்புறம் சமையல் தெரியுமா, படிப்பு என்ன என்று கேட்டதற்கெல்லாம் தலையாட்டலும் புன்னகையும்தான். (படிப்பு என்ன என்பதற்கு எப்படித் தலையாட்டினேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.) "எவ்வளவு அடக்கமான பிள்ள!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. என் அம்மா பூரித்துப் போனாள். தப்பித்தோம் என்றே நினைத்தேன்.

கிளம்பும்போது வாத்தியார் எழுந்து நின்று சொன்னார்: "பொண்ணே ஜெபம் பண்ணட்டும்."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் கிசுகிசுத்தேன்.

"சத்தமா பண்ணும்மா, கேக்கல."

வேறு வழியில்லை. "அன்புள்ள பரம பிதாவே" என்று தொடங்கி, ஆண்டவரே இந்த மனுஷனுக்கு ஞாபகமறதியைக் கொடும் என்று உள்ளுக்குள் கெஞ்சியபடியே முடித்தேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அவர் மட்டும் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார், ஆபீஸ் நம்பரைப் போட்டார், ஸ்பீக்கரை அமுக்கினார்.

"எத்தன தடவதான் சொல்லுதது?" என்று என் குரல் வீடு முழுக்க முழங்கியது. "வைங்க போன!" வரைக்கும் அவர் போனை வைக்கவில்லை.

"மாமா, அது... லோன்காரங்களுக்காக..." என்றேன். எல்லாம் போச்சு என்று அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள்.

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை பக்கென்று சிரித்துவிட்டார். சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். வாத்தியார் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"நம்ம வீட்டுக்கும் லோன்காரன் ஓயாமக் கூப்பிடுதான். நமக்கு அவன வெரட்டத் தெரியல. இவ வரட்டும்."

வந்தேன். மாமா இன்றைக்கும் காபிக்கு என்னை இரண்டு தடவைதான் கூப்பிடுவார். எனக்குக் கேட்கவில்லை என்றால் அத்தையிடம் சொல்வார்:

"இனி நீ கூப்பிடு. மூணாந்தடவ நான் கூப்பிட்டா மானம் ரோசம் பத்திக் கேப்பா."