மாப்ள என்ற ஒரு சொல்

தொலைவில் இருந்தபடியே பிறர் துன்பம் துடைக்கும் ஆற்றல் கோடியில் ஒருவருக்கே வாய்க்கும். ஹட்டனில் அது லோஜனுக்கு வாய்த்திருந்தது, மேனேஜர் முத்துலிங்கம் சாப்பிடப் போகும் நேரத்தில் மட்டும். அவன் வேலை பார்த்த லொறிக் கம்பனியில் இன்டர்நெட் இருந்தது மேனேஜரின் கம்ப்யூட்டரில்தான்.

இன்று துன்பப்பட்டவர் நோட்டன் பிரிட்ஜ் கந்தப்பன், ஜெயந்தினியின் அப்பா. ஜெயந்தினியைப் பெண் பார்த்துவிட்டு வந்து ஒரு மாதமாகியும் அவர் லோஜனைத் "தம்பி" என்றுதான் கூப்பிட்டார். "மாப்ள" என்று வாயில் வந்துவிட்டால் கல்யாணம் உறுதி.

"கம்ப்யூட்டரு ஆமையா போகுது தம்பி. பஸ் ஏறி ஒரு நட வந்து பாத்தீங்கன்னா..." என்றார் போனில்.

"எங்க லைன்ல வீடு வீடா போறதில்லைங்க மாமா. இங்கருந்தே உங்க ஸ்கிரீனைத் தொறந்துருவேன்."

இரண்டு பக்கமும் அதற்கான மென்பொருள் தயாராக இருந்தது. திரையில் ஆளுக்கொரு நம்பர் தெரிந்தது.

"எங்க நம்பரச் சொல்லவா தம்பி?"

"நீங்க எதுக்கு? நம்பர் குடுக்குறது என் வேலை. சொல்றேன், அடிங்க."

கந்தப்பன் அடித்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே நீல வானம், அதே பச்சை மேடு. எல்லாக் கம்ப்யூட்டரும் கடையிலிருந்தே கொண்டுவரும் காட்சி. லோஜன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மவுஸை அசைத்தான்.

"அட, அம்பு தானா நகருது!"

லோஜன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்னங்க மாமா, இவ்வளவு சினிமாப் பாட்டு?"

"நம்ம வீட்லயா?" குரல் இறங்கியது. "தெரியலையே."

அழித்தான். "இப்ப?"

"இன்னும் மோசமா போகுது தம்பி."

"லொறின்னு ஒரு ஃபோல்டர் கெடக்கு. லொறி வச்சிருக்கீங்களா?"

"சைக்கிள்கூட இல்லைங்க."

"அப்ப குப்பை." அதையும் அழித்தான். அடுத்ததைத் திறந்தான். அரைகுறை உடுப்பில் நடிகைகள், வரிசையாக.

"வேலாயி, நீ அங்கிட்டு போ! இதப் பாக்காத!" என்று மனைவியை விரட்டுவது கேட்டது. பிறகு மெல்லிய குரல். "வெளிய சொல்லிராதீங்க... மாப்ள."

வந்துவிட்டது! மரியாதையில் வரவில்லை, வெட்கத்தில் வந்தது. லோஜனுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லை.

"குடும்பத்துக்குள்ள இதெல்லாம் சகஜம் மாமா. இனிமே ஒழுக்கமா வச்சிக்கங்க." பெருந்தன்மையோடு குப்பைக் கூடையையும் காலி செய்தான். இனி யாராலும் மீட்க முடியாது.

கதவு திறந்தது.

"என்ன ஐசே, என்ர கதிரையில என்ன செய்யிறீர்?" என்றார் முத்துலிங்கம்.

அவன் எழுவதற்குள் ஸ்பீக்கரில் ஜெயந்தினியின் குரல் கேட்டது.

"அப்பா, நம்ம கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே அழியல. நம்பர அடிச்சவங்களுக்கு நம்பர் குடுத்தவரோட ஸ்கிரீன்தான் தெரியும். அந்தப் பொம்பளப் படமெல்லாம் அவரு கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு."