டபுள் டோர் செய்முறை

மைக்கில் தன் பெயரைக் கேட்டதும் சூர்யகலாவுக்கு வாயிலிருந்த கேசரி இறங்கவில்லை.

"செல்லக்கிளி மகள் சூர்யகலா பி.காம்., செய்முறை, டபுள் டோர் பிரிட்ஜ் ஒன்று!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. மேடைக்குப் பக்கத்தில் ரிப்பன் கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து நின்றது அந்தப் பிரிட்ஜ். அது அவள் செய்த சீரே இல்லை. காதுகுத்துப் பிள்ளையின் அப்பாவுக்குத் தாய்மாமன் விஜயகுமார் செய்தது. அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். கடையில் தன் கிரெடிட் கார்டைத் தேய்த்தாள். பில் அவள் பேரில் வந்தது. அந்தப் பில்லைக் கடைக்காரன் பிரிட்ஜ் கதவிலேயே ஒட்டி அனுப்பிவிட்டான். கம்ப்யூட்டரில் மொய் எழுதுகிற பானுப்பிரியா கதவைப் பார்த்தாள், பேரை அடித்தாள், மைக்கில் கொடுத்துவிட்டாள்.

முன்வரிசையில் விஜயகுமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

இவ்வளவுக்கும் சூர்யகலா எதையும் யோசிக்காமல் செய்கிறவள் இல்லை. மூன்று கார்டுகளை ஒன்றரை மாதம் ஒப்பிட்டுப் பார்த்தவள்.

அதுவும் முதலில் தனக்காக இல்லை. அவள் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடை முதலாளி லிங்கேஸ்வரன் வருஷத்துக்கு இரண்டு முறை துபாய் போகிறவர். "பிளைட்டுக்குப் பாயிண்ட் குடுக்குற கார்டுல எது நல்லதுன்னு பாத்துச் சொல்லும்மா" என்றார். சூர்யகலா கட்டம் போட்டு எழுதினாள். கறுப்புக் கார்டுக்கு வருஷம் பத்தாயிரம் கட்டணம். ஏர்போர்ட்டில் சோபா, ஓசிச் சாப்பாடு. நீலக் கார்டுக்குக் கட்டணமே இல்லை, இருநூறு ரூபாய்க்கு ஒரு பாயிண்ட். அந்த வேகத்தில் சேர்த்தால் அம்மாவை விமானத்தில் ஏற்றும்போது அம்மாவுக்கு நூற்றுப்பத்து வயசாகியிருக்கும். பச்சைக் கார்டுக்குக் கட்டணம் ஐந்நூறு. அறுபது நாளில் அறுபதாயிரம் செலவு செய்தால், மதுரையிலிருந்து சென்னைக்கு இரண்டு பேர் பறக்கும் அளவுக்குப் பாயிண்ட்.

"சார், இந்தப் பச்சைக் கார்டு நானும் வாங்கலாம்போல. எங்கம்மாவ ஒரு தடவ ஏத்திரலாம்."

லிங்கேஸ்வரன் சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "உங்கம்மா மலைக்கு மேல போறதுக்குத்தான் ஜீப்பு இருக்கேம்மா. எதுக்குப் பிளைட்டு?"

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. கால்குலேட்டரை எடுத்தாள். போடியிலிருந்து போடிமெட்டு வரை போய்வர ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். வருஷத்துக்கு இருநூற்று எண்பது நாள். இருபத்திரண்டு வருஷம். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில், ஒன்பது பேர் ஏறவேண்டிய ஜீப்பில் பதினாறு பேரில் ஒருத்தியாக, மலைத் தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கச் செல்லக்கிளி போய்வந்த தூரம் மூன்று லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர். நிலாவுக்கு இன்னும் அறுபத்துநாலாயிரம்தான் பாக்கி.

நிலாவை நெருங்கினவளுக்கு ஒரு பாயிண்ட் கொடுக்க எவனுக்கும் தோன்றவில்லை. துபாய்க்குப் போகிறவனுக்கு இடியாப்பம் ஓசி.

அன்றைக்கே பச்சைக் கார்டுக்கு எழுதிப் போட்டாள். பொடி எழுத்தில் பதினாலு பக்கம் விதிகள். எல்லாவற்றையும் பென்சிலால் கோடு போட்டுப் படித்தாள். ஏமாறக் கூடாது என்றுதானே படிப்பு. அந்த வீட்டில் எதிலும் அவள்தான் முதல். முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீசே சான்றிதழ் கொடுத்திருக்கிறது. முதல் ஸ்கூட்டி அவள் வாங்கியது. அம்மாவை முதன்முதலாக விமானத்தில் ஏற்றப்போவதும் அவள்தான். ஏழாம் வகுப்பு லீவில் அம்மாவோடு ஜீப்பில் போனபோது, பத்தாவது வளைவில் மேலே ஒரு விமானத்தைக் காட்டி, "உன்னைய நான்தான் ஃபர்ஸ்ட்டு ஏத்துவேன்" என்று சத்தியம் பண்ணியிருந்தாள். "சரி ஆத்தா, நீ ஏத்தையில ஏறிக்கிறேன்" என்றாள் செல்லக்கிளி. வருஷம் தவறாமல் மகள் இதைச் சொல்வாள், தாய் அதையே சொல்வாள்.

பதினெட்டாயிரம் சம்பளக்காரி அறுபதாயிரத்துக்கு எங்கே போவாள்? தெருவின் செலவையெல்லாம் தன் கார்டில் தேய்த்தாள். ஜீப் டிரைவர் மொக்கச்சாமிக்கு இரண்டு டயர். பக்கத்து வீட்டுக்குக் காலேஜ் பீஸ். கையோடு பணத்தை வாங்கி அன்றே பேங்கில் கட்டினாள். ஒரு ரூபாய் பிசகவில்லை. கடைசியில் ஒன்பது நாளும் இருபத்தேழாயிரமும் மிச்சம். அப்போதுதான் விஜயகுமார் அகப்பட்டார். அம்மாவோடு ஒரே ஜீப்பில் காய் எடுக்கப் போகிற சுருளியம்மாளின் தம்பி. அக்கா பேத்திக்குக் காதுகுத்து, பிரிட்ஜ் எடுக்க வேண்டும்.

"மாமா, நான் தேய்க்கிறேன். பணத்த எங்கிட்டக் குடுத்துருங்க."

"மலையில எனக்குப் பணம் வரவேண்டியிருக்கு. விசேஷத்தன்னைக்கு மண்டபத்துலயே எண்ணித் தந்துர்றேன் மருமகளே."

பிரிட்ஜ் விலை இருபத்தேழாயிரத்து ஐந்நூறு. கணக்கு கச்சிதம். பதினாலு பக்க விதியில் செய்முறையைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

சூர்யகலா கேசரித் தட்டை வைத்துவிட்டு பானுப்பிரியாவிடம் ஓடினாள்.

"ஏ பானு, அது விஜயகுமார் மாமா செய்முறை. என் பேர அழி."

"அழிக்கிறதுக்கு இதுல பட்டனே இல்லக்கா. செய்முறைய அழிச்சா வெட்டுக்குத்து ஆயிரும்னு கம்பெனிக்காரன் வைக்கவே இல்ல. வேணா அவரு பேர்லயும் ஒரு என்ட்ரி போடுறேன்."

"எதையோ போடு. வெரசா போடு."

மைக் முழங்கியது. "தாய்மாமன் விஜயகுமார், செய்முறை, டபுள் டோர் பிரிட்ஜ் ஒன்று!"

சனம் கைதட்டியது. பிறகு இன்னொரு பிரிட்ஜைத் தேடியது. ஒரு பெரியவர் மேடைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏண்டா தம்பி, உன் பிரிட்ஜ எங்க?" என்றாள் சுருளியம்மாள், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி.

"அந்தா நிக்குதுல்லக்கா!"

"அது கலா செஞ்சதுல்ல? மைக்குல சொன்னாய்ங்கள்ல?"

"அட, அதுதான்க்கா இது!"

"வெறுங்கைய வீசிக்கிட்டு வந்துட்டு, ஊரார் பிரிட்ஜக் காட்டுறானே" என்று சம்பந்தி வீட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

விஜயகுமாரின் முகம் இருண்டது. உண்மையைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தாள் சூர்யகலா. படித்தவர்களுக்கே உரிய தப்பு அது. மைக்கைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. ரெண்டும் ஒரே பிரிட்ஜுதான். எனக்குக் கார்டுல பாயிண்ட் வேணும்னு நான் தேய்ச்சேன். மாமா எனக்குப் பணம் தரணும். இன்னும் தரல. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். மண்டபத்தில் பாயாசம் ஊற்றுகிறவன் கரண்டியைத் தூக்கியபடி நின்றான். கடனுக்குச் சீர் செய்த தாய்மாமன் என்ற பெயர் விஜயகுமாருக்கு ஆறே வாக்கியத்தில் வந்து சேர்ந்தது. மீசை துடிக்க அவர் வெளியே போனார். பைக் சத்தம் கேட்டது. முக்கால் மணி நேரத்தில் மினி லாரி வந்தது. அதிலிருந்து அதே கம்பெனி, அதே நிறம், ஒரு சைஸ் பெரிசாக இன்னொரு டபுள் டோர் இறங்கியது.

"ரொக்கம்!" என்றார் பில்லைத் தூக்கிக் காட்டி. "முழு ரொக்கம்!"

சூர்யகலாவுக்குத் தரவேண்டிய ரொக்கம் அதுதான் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

மறுநாள் சுருளியம்மாள் வீட்டுக்குப் போனாள். ஒன்றரை அறை வீட்டில் இரண்டு பிரிட்ஜும் எதிரும் புதிருமாக நின்றன. கட்டிலை வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

"சின்னம்மா, ஒண்ணு போதும்ல. என்னோடத கடைக்குத் திருப்பி அனுப்பிருவோமா?"

"சபையில வச்ச செய்முறையத் திருப்பி அனுப்புறதா? பிள்ளைக்கு ஆகுமா ஆத்தா?" சுருளியம்மாள் உண்மையிலேயே பதறினாள். "நீ கவலப்படாத. நோட்டுல ஏறிருச்சு. உன் கல்யாணத்துல இதே டபுள் டோர நான் செய்வேன். என் தலைய அடகு வச்சாவது செய்வேன்."

"எனக்குக் கல்யாணமே பேசலையே!"

"பேசிட்டாப் போச்சு."

ஒரு வாரத்தில் மூன்று ஜாதகம் வந்தது. சின்னமனூர் மாப்பிள்ளை, உத்தமபாளையம் மாப்பிள்ளை, தேனியில் செல்போன் கடை மாப்பிள்ளை. பிரிட்ஜைத் திருப்பிச் செய்கிற அவசரத்தில் சுருளியம்மாள் நேரில் போய்த் திரட்டியது. வேலைக்குப் போகும் பெண், வரும்போதே டபுள் டோரோடு வருவாள் என்று சொல்லியிருக்கிறாள். சூர்யகலா மூன்று ஜாதகத்தையும் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு கல்யாணப் பேச்சில் தேம்பித் தேம்பி அழுதாள். வெட்கத்தில் அழுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

பாயிண்ட் மட்டும் சொன்ன நாள் தவறாமல் வந்து ஏறியது. பேங்க்காரன் கொட்டை எழுத்தில் வாழ்த்துச் சொன்னான். அடுத்த மெசேஜில் இருபத்தேழாயிரத்து ஐந்நூறு கேட்டான். கட்டாவிட்டால் வட்டி. அந்த வட்டி எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். அந்த வரிக்கு இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கி வந்த செல்லக்கிளி கை கால் கழுவினாள். நகக்கண்ணில் ஏலக்காய்க் கறை அப்படியே இருந்தது. டிரங்குப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு துணிப்பையை எடுத்து மகள் மடியில் வைத்தாள்.

"கட்டிரு."

"ஏதும்மா இவ்வளவு?"

"நீ ரெண்டாவது வருசம் படிக்கையில மேல ஒரு மாசம் தங்கல் வேலைக்குப் போனேன்ல. போன்கூட எடுக்கலன்னு சண்ட போட்டியே. அந்தக் கூலி."

"ஒரு மாசத்துக்கு இவ்வளவா குடுத்தாய்ங்க?"

"தூரத்து மலை. காய் எடுக்கத் தெரியாத சனம். காய் காய்க்கிற சரத்துக்கு நோகாம எப்படிப் பறிக்கிறதுன்னு சொல்லிக் குடுக்கணும். அதுக்குக் கூலி கூட." முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். "உன் விசேஷத்துக்குன்னு வச்சிருந்தது. இதுவும் உன் விசேஷந்தான?"

சூர்யகலா பையைப் பிரித்து நோட்டுகளை எண்ணினாள். ஓசி என்றாலே அவளுக்குக் கோபம் வரும். யாரோ ஒருத்தர் முதுகு வலிக்காமல் எதுவும் ஓசியாக வராது என்று ஆபீசில் கத்துவாள். இப்போது அம்மாவின் ஓசிப் பயணத்துக்கு அம்மாவே கூலி கட்டுகிறாள். வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் டிக்கெட்டும் இல்லை, வட்டியும் ஏறும். மாதாமாதம் சம்பளத்தில் திருப்பித் தருகிறேன் என்றாள்.

"தா, தா" என்றாள் செல்லக்கிளி. "மொதல்ல டிக்கெட்டப் போடு. ரெக்கைக்கு நேரா மட்டும் போட்டுறாத, கீழ ஒண்ணும் தெரியாது."

"அது எப்படிம்மா உனக்குத் தெரியும்?"

"ஜீப்புல சக்கரத்து மேல உக்காந்தா ஏதாச்சும் தெரியுதா? அது மாதிரிதான."

சூர்யகலாவுக்குப் பெருமையாக இருந்தது. படிக்காவிட்டாலும் அம்மாவுக்கு மூளை கணக்காக வேலை செய்கிறது. பை கட்டும்போதும் அப்படித்தான். வழிக்கு வேண்டும் என்று அவள் எடுத்து வைத்த கொப்பரைத் தேங்காயை அம்மா வெளியே எடுத்துப் போட்டாள். "இத விடமாட்டாய்ங்களாம். ஜீப்புல யாரோ பேசிக்கிட்டாக." சூர்யகலா செல்லில் தேடிப் பார்த்தாள். சரிதான்.

போகும்போது விமானம், வரும்போது நம் போடி ரயில் என்று ஏற்பாடு. மதுரை ஏர்போர்ட்டுக்குத் தன் ஜீப்பிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று மொக்கச்சாமி பிடிவாதமாக வந்தார். புது டயர் போட்டுக் கொடுத்த நன்றி. வழியெல்லாம் சூர்யகலா வகுப்பெடுத்தாள்.

"உள்ள போனதும் பயப்படக் கூடாதும்மா. பைய அவங்ககிட்டக் குடுத்துரணும். பெல்ட்ட நான் மாட்டிவிடுறேன். மேல ஏறையில காது அடைக்கும், பயந்துறாத."

"சரி ஆத்தா."

"என் கையப் பிடிச்சுக்க."

"பிடிச்சுக்கிறேன் ஆத்தா."

புதுச் சேலையில், தலை நிறைய மல்லிகையோடு, ஏர்போர்ட் கண்ணாடிக் கதவுகளைப் பார்த்து நின்றாள் செல்லக்கிளி. லிங்கேஸ்வரனுக்கு அனுப்பவேண்டும் என்று சூர்யகலா ஒரு படம் எடுத்தாள். இருபத்திரண்டு வருஷம், மூன்று லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர், இரண்டு பிரிட்ஜ், மூன்று மாப்பிள்ளை. எல்லாவற்றையும் தாண்டி, அம்மாவை முதன்முதலாக அவள் ஏற்றப்போகிறாள். அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பின்னாலிருந்து மொக்கச்சாமி ஜீப்புக்குள்ளிருந்தபடி தலையை நீட்டிக் கத்தினார்.

"ஏக்கா, காய் எடுக்கச் சொல்லிக்குடுக்க உங்கள இங்கன இருந்து அசாமுக்கு ஏத்திவிட்டேன்ல, அன்னைக்கி வாசல் அந்தப் பக்கம்ல இருந்துச்சு, மாத்திட்டாய்ங்களா?"