மூன்று ராஜாக்களோடு நான் சீட்டை மடித்த கதை

முதலிபாளையம்,
செவ்வாய்க்கிழமை.

மூலனூர் மச்சான் தண்டாயுதபாணி அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் சிவராஜ் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம். என் நெஞ்சு மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஓவர்லாக் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் போனில் பேசினால் பக்கத்துத் தெருவுக்கே கேட்கும். சேதியோ உங்கள் தங்கை அனுசுயாவைப் பற்றியது. அதனால்தான் கூரியர்.

உங்கள் மருமகன் ரித்தீஷ் ஏற்றுமதி ஆபீசில் சேர்ந்ததிலிருந்து போக்கர் என்றொரு சீட்டாட்டம் கற்றுவந்து, ஞாயிறு மதியமானால் எங்களை உட்கார வைத்துவிடுகிறான். பதறாதீர்கள், காசு கிடையாது. நம் யூனிட்டில் மிஞ்சிய டி-ஷர்ட் பட்டன்தான் பந்தயம். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு நடுவில் பொதுவாக; சேர்த்துப் பார்த்து யாருக்குப் பெரிசோ அவருக்கு ஜெயம். ஆனால் ஒன்றுமே இல்லாமல், இருப்பதுபோல் பட்டனைக் கொட்டி, எதிராளி பயந்து சீட்டை மடித்து விலகும்படி செய்தாலும் ஜெயம்தான். இதற்கு பிளஃப் என்று பெயர். மச்சான், எனக்காகவே கண்டுபிடித்த ஆட்டம்! வெறும் சீட்டை வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திக் கொட்டினேன் பாருங்கள், பக்கத்து வீட்டு நூல் வியாபாரி கைருதீன் பாய் மடித்தார், மறுபடி மடித்தார். “ஏனுங்கண்ணா, பையர்கிட்ட டெலிவரி தேதி சொல்ற மொகத்தோடயே ஆடறீங்களே!” என்றார்.

அப்போதுதான் வந்தது அந்தக் கை. என்னிடம் இரண்டு ராஜா. நடுவில் இன்னொரு ராஜா! பாயும் ரித்தீஷும் மடித்துவிட்டார்கள். அனுசுயா மட்டும் வாழைப்பூ ஆய்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். அவளையும் விரட்டிவிடலாம் என்று பட்டன் அத்தனையும் தள்ளி, மேலே கார் சாவியையும் தூக்கிப் போட்டேன். அவள் லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடமாகிறது; ஸ்டியரிங்கைத் தொட நான் விட்டதில்லை. பயந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தன் பட்டன்களைத் தள்ளினாள். “நா இன்னும் ஏத்தறனுங்க. நா தோத்தா லைசென்ஸ உங்ககிட்டயே குடுத்தர்றேன். நீங்க தோத்தா சாவி மட்டுமில்லீங்க, நா ஓட்டறப்ப பக்கத்துல உக்காந்து வாயே தொறக்கப்படாது.”

நடுவில் இதயம் போட்ட ஆட்டின் சீட்டு மூன்று கிடந்தது. அவள் கையில் இன்னும் இரண்டு ஆட்டின் இருந்தால் ஐந்தும் ஒரே இனமாகிவிடும்; என் மூன்று ராஜாக்களும் செல்லாக்காசு. முகத்தைப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் போடுகிறவனிடம்கூட ஒரு பொய் சொல்லத் தெரியாத முகம். “அப்பா, யோசிங்க” என்றான் ரித்தீஷ். யோசித்தேன் மச்சான். மடித்தால் சாவியோடு போயிற்று. ஆடித் தோற்றால் வாயும் போகும். சாவியில்லாமல் வாழலாம், வாயில்லாமல் நான் எப்படி வாழ்வது? மடித்துவிட்டேன்.

அவள் தன் சீட்டைக் கட்டுக்குள் சொருகிக் கலைத்துவிட்டு, “ஒண்ணுமே இல்லீங்க. ஒரு ரெண்டு, ஒரு ஏழு” என்றாள். பாய் நாற்காலியோடு சாய்ந்தார். தோற்றவன் நான், ஆனால் எழுந்து குதித்தவனும் நான்தான். என் பெண்டாட்டி! எனக்கே பிளஃப்! அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

நேற்று காரிலேயே சாமளாபுரம் கல்யாணத்துக்குப் போனோம். மணல் லாரியை ஓரங்கட்டி முந்துகிறாள் மச்சான்! என் பக்கம் இல்லாத பிரேக்கை நான் மிதித்து மிதித்து மிதியடி கிழிந்தது. பேசும் உரிமைதான் மிச்சமிருக்கிறதே என்று வழியெல்லாம் கத்தினேன். “பேசுங்க, பேசுங்க. நா கேக்கோணும்னு யாரும் பந்தயம் கட்டலீங்களே” என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாகத்தான் ஓட்டுகிறாள்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டில் எல்லா நலமும் பெருகட்டும்.

அன்புள்ள,
சிவராஜ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அனுசுயா பின்னால் நின்று முழுவதும் படித்துவிட்டாள். “ரெண்டும் ஏழும்னு நெசமாவே நம்பீட்டீங்களா?” என்கிறாள். கையில் இரண்டு ஆட்டின் இருந்ததாம். ஒன்றுமில்லை என்று சொல்லிவைத்தால்தான் அடுத்த வாரம் நான் பயப்படாமல் வந்து மாட்டுவேனாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். ஆனால் பாயோ, இப்போது சொல்வதுதான் பிளஃப் என்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது. சின்ன வயதில் இவள் உங்களிடம் பொய் சொன்னதுண்டா? உடனே போன் செய்யுங்கள். அவள் எடுத்தால், ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.