மாப்பிள்ளை விசாரிக்கப் போன இடத்தில் அறுபத்தொரு கரண்டி

கெல்சென்கிர்ச்சன்
11.03.2007, ஞாயிறு

பாசமுள்ள பேர்பெச்சுவா அக்காவுக்கு,

ஆண்டவருடைய தயவால் நானும் பிளோறன்ஸும் இங்கே உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை போனது. தவக்காலத்தில் பொய் எழுதக்கூடாது என்று நிறுத்திக்கொண்டேன். உங்களுடைய முழங்கால் நோவும் அத்தானுடைய பிறஷரும் குறைய வேண்டும் என்று மன்றாடுகிறேன். இதையெல்லாம் ரெலிபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் முன்னறையில் எடுத்தால் அத்தான் படுக்கையறையில் மற்றதை எடுத்துக் காதில் வைப்பார் என்பது எனக்குத் தெரியும். அவர் மூச்சு விடுகிற சத்தம் ஸ்டுட்கார்ட்டில் இருந்து இங்கே வரைக்கும் கேட்கிறது. ஆகவே கடிதம். வாசித்த கையோடு கிழித்துவிடுங்கள்.

நத்தார்ப் பண்டிகை முடிந்த கையோடு நீங்கள் அந்தப் பொடியன் பீலிக்ஸுடைய படத்தை அனுப்பிவிட்டு, உன்னுடைய ஊரில் இருக்கிற பிள்ளை, நீ தாய்மாமன், வடிவாக விசாரித்து எழுது, உன் சொல்லை வைத்துத்தான் உயிர்த்த ஞாயிறுக்கு முதல் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லப்போகிறோம் என்றீர்கள். என் மருமகள் கம்சனாவின் வாழ்க்கையைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு அடுத்த வசனத்திலேயே முருங்கைக்காய் அங்கே என்ன விலை என்று கேட்டீர்கள். நானும் சொல்லைத் தட்டாமல் இறங்கினேன். தமிழ்க்கடை கிருஷ்ணமூர்த்தியிடம் கேட்டேன். பீலிக்ஸ் சிகரெட் வாங்குவதில்லை, கிழமைக்கு ஒருதரம் தாய்க்குக் கருவாடும் கறித்தூளும் வாங்கிக்கொண்டு போகிறவன் என்றார். கோயிலில் கேட்டேன், பூசைக்குப் பின்வாங்கில் நின்றாலும் நன்மை வாங்காமல் போகிறவன் இல்லை என்றார்கள். என்னோடு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவருடைய மகன் அவனோடு ஒன்றாக அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி படித்தவன், அவனும் நல்ல சொல்லே சொன்னான். அந்த இடத்தில் நான் பொடியன் தங்கம் என்று எழுதியிருந்தால் அலுவல் முடிந்திருக்கும். ஆனால் உங்களை எனக்குத் தெரியும், அக்கா. குறை ஒன்றும் இல்லாமல் எழுதினால், கதிரையை விட்டு எழும்பாமல் விசாரித்திருக்கிறான் என்பீர்கள். அதனால் கொம்பியூட்டர் பழக ஆசை என்று ஒரு பொய்யைச் சொல்லி, போன மாதம் இருபத்துநாலாம் திகதி சனிக்கிழமை காலை, ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டு அவன் வீட்டு மணியை அடித்தேன்.

தாய் ரோல்ஸ் பொரித்துத் தந்தா. பொடியன் மரியாதையாக மாமா மாமா என்று கதைத்தான். கொம்பியூட்டரில் என்ன செய்வாய் என்று கேட்டேன், வேலை முடிந்து வந்தால் விளையாடுவேன் என்று ஒளிக்காமல் சொன்னான். காட்டு என்றேன். அது ஒரு பழைய காலத்து ராச்சியம், அக்கா. காடு, கோட்டை, சந்தை, சத்திரம் எல்லாம் இருக்கிறது. அதற்குள் எங்களுக்கென்று ஓர் ஆளைச் செய்து, நடக்கவிட்டு, கதைக்கவிட்டு, பிழைக்கவிட வேண்டும். இவனுடைய ஆள் எது என்று பார்த்தால் ஒரு பெண்பிள்ளை. தோல் சட்டை, இடுப்பில் கத்தி, தொழில் களவு. நான் கடித்த ரோல்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தேன். இது என்னடா கோலம் என்று கேட்டதற்கு அவன் அமைதியாகப் பதில் சொன்னான்.

“முதல் சாமியாரா விளையாடினனான் மாமா, பிறகு சிப்பாயா. இந்த முறை ஒரு பெம்பிளையா இருந்தா சனம் என்னண்டு நடத்துது எண்டு பாக்கிறன். அதே கடைக்காரன் இப்ப வேறை மாதிரிக் கதைக்கிறான்.”

இதில் எது நீ என்று கேட்டேன். எல்லாம் நான்தான் என்றான். அக்கா, விசாரணை என்று வந்த ஒரு மனுசன் இந்தப் பதிலை என்னென்று எழுதுவது? அதைவிட மோசம் ஒன்று இருந்தது. அந்த விளையாட்டில் எந்த இடத்திலும் நடந்ததைப் பத்திரப்படுத்தி வைக்கலாம். பிறகு பிழையாகப் போனால் அந்த இடத்துக்கே திரும்பிப் போய் வேறு மாதிரிச் செய்யலாம். இவன் பத்திரப்படுத்தி வைத்திருந்தவை இருநூற்றுப் பதினாலு. கதவைத் திறக்க முதல் ஒன்று, ஒருவருக்கு வணக்கம் சொல்ல முதல் ஒன்று. ஏன் இத்தனை என்று கேட்டால், பிழையாகப் போனால் ஆருக்கு மறுமொழி சொல்வது, பயம் என்கிறான். கலியாணத்துக்கு முதல் நாள் எதைப் பத்திரப்படுத்துவான் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருக்கும்போது, நீங்களே ஒருக்கா விளையாடிப் பாருங்கோ என்று கதிரையை விட்டு எழும்பிவிட்டான். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

ஆளைச் செய்யவே அன்றைய பகல் போனது. ஆணா பெண்ணா என்கிறது. மனிதனா குள்ளனா என்கிறது. மூக்கு மட்டும் முப்பத்திரண்டு. எங்களுடைய நிறத்தில் ஆள் உண்டு, ஆனால் மீசை குள்ளனுக்கு மட்டும்தான் என்கிறது. மீசை இல்லாமல் நான் எப்படி ஊருக்குள் போவேன்? பிறகு பலம், வேகம், புத்தி, பேச்சு என்று நாலுக்கும் இருபது புள்ளிகளைப் பங்கிடச் சொன்னது. மனுசன் பேச்சால் பிழைக்கலாம் என்று இருபதையும் பேச்சுக்குக் கொடுத்தேன். முதல் வேலையாகச் சத்திரக்காரன் நிலவறையில் இருக்கிற எலிகளைக் கொல்லச் சொன்னான். எலியோடு என்ன பேசுவது, அக்கா? மூன்று முறை செத்தேன். நாலாம் முறையும் நான் படியில் இறங்குவதைப் பார்த்துப் பீலிக்ஸ், போக விருப்பமில்லை என்றால் போகாமல் விடலாம் மாமா, வெளியே முழு நாடும் கிடக்கிறது என்றான். ஒருவர் ஒரு வேலை தந்தால் அதைச் செய்யாமல் எப்படிப் போவது என்று கேட்டேன்.

“நீங்கள் அவனுக்கு ஓம் எண்டு சொல்லவே இல்லை மாமா. அவன் கேட்டவன், நீங்கள் போயிட்டியள்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் சத்திரத்தை விட்டு வெளியே நடந்தேன். ஒருவரும் மறிக்கவில்லை. அந்தச் சந்தோசத்தை என்னென்று சொல்வது. ஒரு வீட்டுக்குள் போனேன், மேசையில் ஒரு கரண்டி இருந்தது, எடுத்தேன். ஏன் எடுத்தாய் என்று கேட்காதீர்கள், எடுக்கலாம் என்று இருந்தது, எடுத்தேன். அடுத்த வீட்டில் மூன்று. அடுத்த சனிக்கிழமையும் போனேன்; அது முடியும்போது பையில் அறுபத்தொரு கரண்டியும், மடத்துப் பீடத்தில் இருந்த ஒரு மெழுகுதிரித் தாங்கியும். பாரத்தில் என்னுடைய ஆளால் நடக்க ஏலாமல் நடுத்தெருவில் நின்றான். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. பத்தொன்பது வருசமாகக் கோயில் பாடகர் குழுவில் நிற்கிறவன் நான். பாவசங்கீர்த்தனம் செய்வோம் என்று அந்த மடத்துச் சாமியாரிடமே போனால் அவர் மூலிகை வாங்கப் போகிறாயா என்று கேட்கிறார், அதைவிட வேறு கதை அவரிடம் இல்லை. இவ்வளவு சுதந்திரம் வைத்தவர்கள் பாவத்தைச் சொல்ல ஒரு வழி வைக்கவில்லை.

சரியென்று அடுத்த நாள் எங்கள் உண்மையான சுவாமியாரிடமே போனேன். என் ஜெர்மன் பெட்டி அடுக்குகிற இடத்துக்குப் போதும், பாவத்துக்குப் போதாது. மற்றவர்களுடைய வீடுகளுக்குள் போய் அறுபத்தொரு கரண்டி எடுத்தேன் என்ற அளவில் சொல்லி முடித்தேன், கொம்பியூட்டரைப் பற்றிச் சொல்லுகிற வசனம் வாயில் வரவில்லை. அந்த வயதான மனுசன் எத்தனை கரண்டி என்று திரும்பவும் கேட்டார். பிறகு, ஒன்று விடாமல் உரியவர்களிடம் கொண்டுபோய்க் கொடு, அதுதான் உனக்குத் தண்டனை என்றார். இன்று பூசைக்குப் பிறகு எனக்குக் கை தந்தபோதும் என் சட்டைப்பையைத்தான் பார்த்தார்.

ஆகவே நேற்று, மூன்றாம் சனிக்கிழமை, முழுவதும் கரண்டி திருப்பிக் கொடுத்தேன். எந்தக் கரண்டி எந்த வீடு என்று ஆருக்குத் தெரியும்? ஒரு பெண்ணுடைய மேசை லாச்சியைத் திறந்து நான் கரண்டியை வைப்பதை அவள் கண்டு, கள்ளன் என்று காவலரைக் கூப்பிட்டாள். எடுக்கும்போது ஒருவரும் காணவில்லை, வைக்கும்போது பிடித்தார்கள். பத்து நாள் மறியல் என்று சிறைக்குள் போட்டார்கள். பீலிக்ஸ் பதறிப்போய், பின்னுக்குப் போவோம் மாமா, காலமை பத்திரப்படுத்தினது இருக்கு என்று கையை நீட்டினான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். செய்ததைச் செய்யாததாக ஆக்க ஏலாது, நான் மறியலிலேயே இருப்பேன் என்று கத்திவிட்டேன். தாய் குசினியில் இருந்து ஓடிவந்து பார்த்தா. வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வருகிற வழியில் ட்ராமில் இருந்து யோசித்தேன், அக்கா, கோபம் கோபமாக வந்தது. பீலிக்ஸில் இல்லை, உங்களில். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கொம்பியூட்டர்ப் பெட்டி என்னைப் பார்த்து, நீ ஆராக இருக்க விரும்புகிறாய் என்று கேட்கிறது. அதற்கு முதல் என்னிடம் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. ஏஜென்சிக்காரன் இறக்கிவிட்ட இடத்தில் இறங்கினேன். அகதிகளைப் பதிகிற கந்தோர்க்காரர் அனுப்பிய ஊரில் இருந்தேன், காட்டிய வேலைக்குப் போனேன். எண்பத்தேழில் நீங்கள் ஒரு படத்தை அனுப்பி, வெள்ளிக்கிழமை ஃபிராங்பேர்ட்டுக்குப் போய் இந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்றீர்கள், போனேன். பிளோறன்ஸ் நல்லவள், அவள் இல்லாவிட்டால் நான் இல்லை. ஆனால் நீங்கள் என்னைக் கேட்கவில்லை, அவளையும் ஒருவரும் கேட்கவில்லை. முகத்துக்கு ஒரு மூக்கைத் தெரிவுசெய்ய நான் அரை நாள் திண்டாடினால் அது என் பிழையா?

கோபம் கிடக்கட்டும், விசாரணைக்கு வருகிறேன். பொடியன் உழைப்பாளி, ஒழுக்கமானவன், தாயைப் பார்க்கிறவன். ஆனால் ஒரு முடிவெடுக்க இருநூறு முறை பின்னுக்குப் போகிறவனுக்கும், இன்றைக்குச் சாமியார் நாளைக்குக் கள்ளி என்று ஆள் மாறுகிறவனுக்கும் எங்கள் பிள்ளையைக் கட்டிக்கொடுக்க ஏலாது. கம்சனா நேரே நடக்கிற பிள்ளை. என்னுடைய சொல் இல்லை என்பதுதான். தரகரிடம் சாதகமான பதில் இல்லை என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், தாயுடைய மனம் நோகக்கூடாது. ரோல்ஸ் நல்ல ருசி.

அத்தானுக்கு என் அன்பு, மற்றப் போனை வைத்தபிறகு. கம்சனாவுக்கு மாமாவின் ஆசீர்வாதம். மாதா உங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே எந்நேரமும் கண் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத தம்பி,
ஜேசுரட்ணம்

பிற்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்ட எடுத்த நேரம் கம்சனா ரெலிபோன் எடுத்தாள். சுகம் விசாரிக்காமல், “மாமா, கரண்டி எல்லாம் குடுத்து முடிஞ்சுதோ” என்று கேட்டாள். உனக்கு ஆர் சொன்னது என்று கேட்டேன். நீங்கள் படத்தைக் காட்டிய கிழமையே அவள் பீலிக்ஸுடைய நம்பரைத் தேடி எடுத்துக் கதைத்திருக்கிறாள். அவன் இரண்டு முறை ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து போயிருக்கிறான். மாமா விசாரிக்க வருவார், ஒன்றையும் ஒளிக்காதே, விளையாட இருத்திவிட்டு என்ன செய்கிறார் என்று எனக்குச் சொல் என்று சொல்லி வைத்தவளே அவள்தான். இது என்ன மரியாதை பிள்ளை என்று ஏசினேன்.

“அம்மா உங்கடை சொல்லைக் கேட்டுத்தான் முடிவெடுக்கப் போறா. அப்ப உங்களை ஆர் மாமா விசாரிக்கிறது?”

அவன் பயந்தாங்கொள்ளி, பிள்ளை என்றேன். அவனுக்குப் பயம் கூட என்று தனக்கும் தெரியும், அதை அவனே முதல் நாளே சொன்னவன், பயத்தை ஒளிக்கிற ஆளைவிட அது மேல் என்றாள். நீங்கள் பின்னுக்குப் போகமாட்டேன் என்று மறியலில் இருந்தீர்களாம், அதைக் கேட்டுத்தான் உங்களை நம்பி ரெலிபோன் எடுக்கிறேன் என்றாள். பிறகு அவளுடைய குரல் இறங்கிவிட்டது. தான் பீலிக்ஸைத்தான் கட்டப்போகிறாளாம், வருகிற ஞாயிறு அதை அம்மாவுக்குத் தானே சொல்லப்போகிறாளாம், அம்மா கத்துவா, அப்பா கதவைச் சாத்துவார், தனியாக நிற்கப் பயமாக இருக்கிறதாம். “நீங்கள் ஆரின்ரை பக்கம் நிப்பியள்?” என்று கேட்டாள்.

அக்கா, உங்களைக் கேட்காமல், பிளோறன்ஸைக்கூடக் கேட்காமல், உன்னுடைய பக்கம்தான் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்தில் அவள் அழுதாள், இந்தப் பக்கத்தில் நானும் அழுதேன். ஆகவே மேலே எழுதிய இல்லையை இல்லையென்று எடுக்காதீர்கள்; ஆறு பக்கத்தைத் திரும்ப எழுத எனக்குப் பொறுமை கிடையாது. ஞாயிறு பகல் நானும் பிளோறன்ஸும் ரயிலில் வருகிறோம்; பிள்ளை வாய் திறக்கும் வரைக்கும் இதை வாசிக்காத மாதிரி இருங்கள். எங்களை அனுப்பியது ஆர், இவ்வளவு நாள் மறைத்தது ஆர் என்றெல்லாம் கேட்டுக் கத்துவதானால் என்னைப் பார்த்துக் கத்துங்கள், நான் நின்று கேட்பேன். பிள்ளையை ஒரு சொல்லும் சொல்லாதேங்கோ.