காகிதக் கப் வாங்கிய வரலாறு

மாப்பிள்ளை நம்பிராஜனுக்கு,

குத்துக்கல்வலசையிலிருந்து அத்தான் சங்கரநாராயணன் அன்புடன் எழுதுவது. இங்கே ஒரு கையைத் தவிர மற்றெல்லாம் சுகம். எல்லையில் நீயும் உன் துப்பாக்கியும் சுகமாயிருக்க இலஞ்சிக் குமரனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் உன் அக்கா பக்கத்திலிருந்து கேட்பாள் என்பதால் கடிதம்.

நம் குடும்ப வரலாற்றில் குறிப்பிடத்தக்க முடிவு ஒன்று அண்மையில் எடுக்கப்பட்டது என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன். இனி இந்த வீட்டில் வெளியாட்களுக்குக் காகிதக் கப்பில்தான் டீ. முடிவெடுத்த கூட்டத்தில் நான் ஒருவனே கலந்துகொண்டேன். எதிர்ப்பு ஏதும் எழவில்லை. காரணம் சுத்தம். வேறு காரணம் கிடையாது.

வாதம் வந்து உன் அக்கா வள்ளித்தாயின் வலது கை விழுந்துபோனது உனக்குத் தெரியும். தென்காசி ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் ஜெயசித்ரா என்ற பெண், வேலை முடிந்து போகிற வழியில் வந்து பயிற்சி கொடுத்தாள். கெட்டிக்காரி. முதலில் வெறும் டம்ளரைத் தூக்க வைத்தாள், பிறகு கால் டம்ளர் தண்ணீர், பிறகு டீ. அந்த டீயை வள்ளித்தாய் தன் வலது கையால் எடுத்து அவளிடம் நீட்ட வேண்டும், அவள் வாங்கிக் குடிப்பாள், அதுதான் அன்றன்றைய பயிற்சியின் முடிவு. "யக்கா, சீசன் முடியுததுக்குள்ள உங்க கையாலயே தலைக்கு எண்ணெ தேச்சு ஐந்தருவியில குளிக்கியளா இல்லையா பாருங்க" என்பாள். உன் அக்காவும் அதை நம்பி, எண்ணெயை முன்கூட்டியே காய்ச்சி வைக்கச் சொன்னாள். ஒரு நாள் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்க்கிறேன், அந்தப் பெண் குடிக்கிற டம்ளர் உன் அக்காவின் சொந்த டம்ளர், அதுவும் வாய் வைத்துக் குடிக்கிறாள். மரியாதைக்கு ஊரை மட்டும் விசாரித்தேன். வீரகேரளம்புதூர் என்றாள். "அங்கன எந்தத் தெரும்மா?" என்றேன். "பஸ் நிக்கிற தெரு அண்ணாச்சி" என்றாள். "பஸ்ஸுக்கு வடக்கயா, தெக்கயா?" என்றேன். "பஸ்ஸு எந்தப் பக்கம் பாத்து நிக்குங்கிறதப் பொறுத்து அண்ணாச்சி" என்றாள். உன் அக்கா சிரித்தாள். வாதம் வந்த பிறகு அவள் வாய் கோணாமல் சிரித்தது அன்றுதான்.

மறுநாள் குற்றாலம் போனேன். நல்ல சாரல், நல்ல கூட்டம். மெயின் அருவியில் முன்பின் தெரியாத தோள்களுக்கு நடுவே நின்று ஆனந்தமாகக் குளித்தேன். அங்கே யார் தலையில் பட்ட தண்ணீர் யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வழியில்லை. வீட்டில் வழி இருக்கிறது. ஆகவே தலை துவட்டிய கையோடு கடையில் காகிதக் கப் ஒரு கட்டு வாங்கினேன்.

அன்று மாலையே அது அமலுக்கு வந்தது. வாதம் வந்த கைக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாதாம். ஸ்டீல் டம்ளர் அதைப் பொறுத்துக்கொள்ளும், காகிதம் பொறுக்கவில்லை. உன் அக்கா பிடித்த பிடியில் கப் நசுங்கி, சூடான டீ அவள் விரல்களிலேயே கொட்டியது. ஜெயசித்ரா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். உன் அக்காவோ பிடிவாதமாகத் தன் டம்ளரில் டீயை ஊற்றச் சொல்லி, அதை எடுத்து நீட்டினாள். நான் நடுவில் புகுந்து, "அதுல வேண்டாம், சுத்தம் முக்கியம்லா" என்றேன். அந்தப் பெண் என் கையைப் பார்த்தாள். என் கையில் நான் குடித்துக்கொண்டிருந்த ஸ்டீல் டம்ளர்.

"உங்களுக்குக் கப்பு இல்லையா அண்ணாச்சி?"

"எனக்குச் சூடு ஆறாம இருக்கணும்மா."

"எனக்கும் சூடாக் குடிச்சாத்தான் பிடிக்கும் அண்ணாச்சி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு பையை எடுத்துக்கொண்டாள். அவள் செருப்பு மாட்டி, வண்டியை எடுத்து, தெரு முனை திரும்பும்வரை உன் அக்கா நீட்டிய டம்ளர் நீட்டியபடியே இருந்தது. அவ்வளவு நேரம் அந்தக் கை நின்று நான் பார்த்ததில்லை.

அதன்பின் அவள் வரவில்லை. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்தான். ஆஸ்பத்திரிக்கே போய்க் கூப்பிட்டேன். "அக்காவ இங்கன கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி, எல்லாரையும் பாக்குத மாதிரி நல்லாப் பாப்பேன். வீட்டுக்கு மட்டும் கூப்பிடாதிய" என்றாள், மரியாதையாக. வந்து உன் அக்காவிடம் சொன்னால், "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் அவ முன்னால போயி உக்காருவேன்?" என்கிறாள். கையை மடியில் வைத்துக்கொண்டு அசைக்க மாட்டேன் என்கிறாள். நீ பத்து மாநிலத்து ஆட்களோடு ஒரே சட்டியில் பருப்பு அள்ளுகிறவன், உனக்கு என் நிலைமை விளங்குவது கஷ்டம். இருந்தாலும் ஊரிலுள்ள உன் சிநேகிதர்களிடம் சொல்லி, தெரிந்த தெருவில், நமக்குத் தோதான பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பிடித்துக் கொடு. ஆள் மாறினால் போதும், கை தானாகச் சரியாகிவிடும், கவலைப்படாதே.

குளிருக்கு இரண்டு காலுறை போட்டுக்கொள். உனக்கு நீண்ட ஆயுளும் சீக்கிரம் லீவும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் சங்கரநாராயணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா இதை வாங்கிப் படித்துவிட்டாள். "சுத்தம்னு எழுதிருக்கிய. அவ எந்தத் தெருன்னு பிடிபடலைன்னுதான கப்பு வாங்குனிய? அத எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். வேறு ஆள் வேண்டும் என்று நான் கேட்ட வரியையும் அடிக்கச் சொன்னாள். அதை அடித்தால் கடிதம் எழுதிய காரணமே போய்விடும் என்பதால் விட்டுவைத்திருக்கிறேன், நீ அடித்ததாக வைத்துக்கொள். ஐந்தருவியில் தண்ணீர் குறைந்துவிட்டது. வள்ளித்தாய் இப்போது இடது கையால் டீ குடிக்கிறாள்.