பெரிய மாப்பிள்ளை வாங்கிய பாட்டுப் பெட்டி

மாமனார் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிருபாசங்கரால் அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இடம், வடவள்ளியில் சகலை ரவிக்குமாரின் வீடு. ஹாலில் ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். நடுவில் மரப்பெட்டிக்குள் எழுபதுகளில் ஜப்பான்காரன் செய்த ஆம்பிளிஃபயர். அதன் பக்கத்தில் கறுப்பு இசைத்தட்டு ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. எதிரே சோபாவில், அன்னூரிலிருந்து வந்திருந்த மாமனார் வெள்ளியங்கிரி முதுகை நிமிர்த்தி, ஏசி குளிருக்குத் துண்டைத் தலையோடு காதையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு தவத்தில் இருந்தார்.

தட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"நெம்ப அருமைங்க மாப்பிள்ளை."

"இன்னொரு பக்கம் போடட்டுங்களா மாமா?" என்றான் ரவிக்குமார்.

"போடுங்க மாப்பிள்ளை. ஆசையா வாங்கியிருக்கறீங்க."

கிருபாசங்கர் மட்டும் சும்மா ஆளா? மூத்த மகள் லோகப்பிரியாவைக் கட்டிய மூத்த மாப்பிள்ளை அவன். கணபதியில் சொந்தமாக மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். மாமனார் கோயம்புத்தூர் வந்தால் அவன் வீட்டுக்கும் வராமல் போவதில்லை. வருவார், மத்தியானம் சாப்பிடுவார், கையைத் துடைத்த கையோடு ஹாலில் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து குறட்டை விடுவார். சாயங்காலம் காபிக்கு எழுப்பினால்தான் உண்டு. இளையவன் வீட்டில் ரசனை, மூத்தவன் வீட்டில் குறட்டை. மதிப்பு எங்கே இருக்கிறது என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!

போதாக்குறைக்கு ரவிக்குமார் மாமனாரின் தவக்கோலத்தைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். ஈரோட்டுச் சித்தப்பா வரைக்கும் எல்லாரும் கைதட்டினார்கள். கிருபாசங்கரும் தட்டினான். தட்டாவிட்டால் பொறாமை என்று சொல்லிவிடுவார்களே.

இந்தத் தடவை விஷயம் வெறும் பாட்டோடு நிற்கவில்லை. மாமனாருக்கு அடுத்த மாதம் கண் ஆபரேஷன். முடிந்தபின் ஒரு மாதம் கோயம்புத்தூரிலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எந்த மகள் வீட்டில் தங்குவார் என்பதுதான் சொந்தபந்தம் முழுக்கப் பேச்சு. மூத்தவன் இருக்கும்போது இளையவன் வீட்டுக்குப் போய்விட்டால், கல்யாணம் காட்சியில் கிருபாசங்கர் எந்த முகத்தோடு முன்வரிசையில் உட்காருவது?

"தங்கறதப் பத்தி ஆபரேசனுக்கு முந்தி வந்து சொல்றேனுங்க," என்று இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு மாமனார் காரில் ஏறினார். வெகுகாலமாக அவருக்குக் கார் ஓட்டும் பங்காரு கதவைச் சாத்தினான்.

அன்று வீடு திரும்பும் வழியிலேயே கிருபாசங்கர் முடிவு செய்துவிட்டான்.

"நாமளும் ஒரு பழைய செட்டு வாங்கறோம்."

"எதுக்குங்க?" என்றாள் லோகப்பிரியா. "அப்பா எதையும் அருமைன்னுதானுங்க சொல்லுவாரு. போன வருசம் தங்கச்சி ஹரிதா உப்புப் போட மறந்த கொழம்பையே அருமைன்னு ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாரு."

"அது கொழம்பு. இது மூசிக்கு. உன்ற தங்கச்சி ஊட்டுக்காரனுக்கு மட்டுந்தான் காது இருக்குதா?"

மறுநாளே உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் கந்தப்பனிடம் போய் நின்றான்.

"ஏனுங்க, வடவள்ளி ரவிக்குமார் உங்ககிட்டத்தான் செட்டு வாங்கினாராமா?"

"ஆமாங்க. அது சின்னதுங்க," என்றார் கந்தப்பன்.

அவ்வளவுதான். வியாபாரம் அந்த ஒரு வார்த்தையிலேயே முடிந்துவிட்டது. கந்தப்பன் மூலையில் கிடந்த தார்ப்பாயை விலக்கினார். உள்ளே இருந்தது ரவிக்குமாருடையதைப் போல ஒன்றரை மடங்கு. சுவிட்சைப் போட்டதும் கண்ணாடிக்குப் பின்னால் நெய்விளக்கு மாதிரி மஞ்சள் வெளிச்சம் மெல்லப் பரவியது. பாட்டுக்குத் தகுந்தபடி இரண்டு முட்கள் எழுந்து எழுந்து படுத்தன. கிருபாசங்கர் பெரிய குமிழைத் திருகிப் பார்த்தான். புதுப் பேரிங் சுற்றுவதைப் போலக் கனமாக, வழுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் திரும்பியது. திரும்பத் திரும்பத் திருகினான். பாட்டு எது, யார் பாடியது என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் இப்படியொரு குமிழ் தன்னிடம் இல்லாமல் சகலையிடம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே பர்ஸை எடுத்தான்.

"ஜப்பான்ல கரண்டு நம்முதுல பாதிகூட இல்லீங்க. நேராச் சொருகினா பொகஞ்சு போயிரும். டிரான்ஸ்பார்மர் ஒண்ணும் சேத்தித் தரட்டுங்களா?" என்றார் கந்தப்பன்.

கிருபாசங்கர் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"காயில் கட்டறவங்கிட்டயே டிரான்ஸ்பார்மர் விக்கறீங்களா?"

கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருப்பவன் ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால் அதைத் தானே செய்ய முடியாதா என்றுதான் யோசிப்பான். அந்தக் குணத்தால் ஊர் வளர்ந்தது உண்மை. கிருபாசங்கர் விஷயத்தில் அது வேறு மாதிரிப் போனது.

செட்டு வீட்டுக்கு வந்ததும் முதல் சிக்கல், வைக்க இடமில்லை. ஸ்பீக்கர் நிற்க வேண்டிய இடத்தில் மாமனாரின் கட்டில் கிடந்தது.

"அதத் தொடாதீங்க," என்றாள் லோகப்பிரியா. "அப்பா வந்தா எங்க படுப்பாரு?"

"இனி எதுக்குப் படுக்கறாரு? நிமிந்து உக்காந்து கேப்பாரு பாரு."

கட்டில் பட்டறைக்குப் போய்விட்டது. பட்டறையிலிருந்து அவன் தன் கையாலேயே சுற்றிய டிரான்ஸ்பார்மர் வந்தது. போர்வெல் மோட்டாரையே ஓட்டும் அளவுக்குத் தாராளமாகச் சுற்றியிருந்தான். சுவிட்சைப் போட்டதும் மஞ்சள் வெளிச்சம் வந்தது, முட்கள் எழுந்தன, பாட்டும் வந்தது. பாட்டுக்கு மேலே 'ம்ம்ம்ம்ம்' என்று டிரான்ஸ்பார்மரும் பாடியது.

அதைத் தூக்கிச் சமையலறையில் வைத்தான்.

"கிரைண்டர் சத்தம் பத்தாதுன்னு இது வேறயா? எடுங்க இத," என்றாள் லோகப்பிரியா.

பின்கட்டுக்குக் கொண்டுபோய், நீளமாக ஒயர் இழுத்தான். 'ம்ம்ம்ம்ம்' இப்போது ஒயர் வழியாக ஸ்பீக்கருக்குள்ளேயே வந்து குடியேறிவிட்டது.

அடுத்தது இசைத்தட்டு. மெதுவாகச் சுற்றியது. பாடியது ஒரு அம்மாள் என்று அட்டையில் போட்டிருந்தது, கேட்டது ஆம்பளைக் குரல். விடுவானா? பட்டறையில் லேத்தில் போட்டு, தட்டைச் சுற்றவைக்கும் புல்லி ஒன்றைப் புதிதாகக் கடைந்து மாட்டினான். தட்டு வேகம் எடுத்தது. அந்த அம்மாள் ஈரோட்டு மண்டியில் மஞ்சள் ஏலம் விடுகிற மாதிரிப் பாடி முடித்தாள். புல்லியைக் கொஞ்சம் அரத்தால் தேய்த்தான். வேகம் சரியாக வந்தது, ஆனால் மையம் தவறிவிட்டது. இப்போது குரல் கிணற்றுக்குள் இறங்குவதும் மேலே வருவதுமாக இருந்தது.

"ரவிக்குமார் ஊட்டுல இப்படி ஆடலீங்களே?" என்றாள் லோகப்பிரியா.

"அது சின்ன செட்டு. பெருசுல நுணுக்கமெல்லாம் வெளிய தெரியும்," என்றான்.

இரைச்சலும் ஆட்டமும் தெரியாமல் இருக்க ஒரே வழிதான் பாக்கி இருந்தது. குமிழைத் தாராளமாகத் திருகினான். அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தாளம் போட்டன. மேல்மாடியில் குடியிருக்கும் பத்மாவதி அம்மாள் இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"ஏனுங்க தம்பி, ஊட்டுல ஏதாச்சும் விசேசங்களா?"

"இல்லீங்களே."

"அப்படீங்களா. இல்ல, விசேசம்னா சொல்லுங்க, நாங்க ரெண்டு நாளைக்கு மகன் ஊட்டுக்குப் போயிட்டு வாரோம்."

பாட்டு மேல்மாடி வரைக்கும் எட்டியிருக்கிறது என்பதை மட்டும் கிருபாசங்கர் பெருமையாக எடுத்துக்கொண்டான்.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். இந்த முறை வடவள்ளிக்குக்கூடப் போகாமல் நேராகக் கணபதிக்கே வந்துவிட்டார். செட்டு வந்த சேதி அன்னூர் வரைக்கும் போய்விட்டதோ என்று கிருபாசங்கர் பூரித்துப்போனான்.

அவசரமாகச் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டே ஹாலுக்கு வந்தவர் ஜன்னலோரம் போய் நின்றார்.

"கட்டலக் காணோமுங்க?"

"பட்டறைக்கு அனுப்பிப்போட்டேனுங்க மாமா! இனி உங்களுக்கு இந்தச் சேருதான். நேரா நடுவுல போட்டிருக்கறேன், அப்பத்தான் ரெண்டு காதுலயும் சமமா உழுகும்."

மாமனார் சேரைப் பார்த்தார். ஸ்பீக்கர்களைப் பார்த்தார்.

"சந்தோசமுங்க மாப்பிள்ளை," என்று உட்கார்ந்தார்.

குமிழ் திரும்பியது. டம்ளர்கள் தாளத்தைத் தொடங்கின. மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். தலையோடு காதையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். இத்தனைக்கும் இந்த வீட்டில் ஏசி கிடையாது. பாட்டைக் கெடுக்கும் என்று கிருபாசங்கர் ஃபேனைக்கூட நிறுத்தி வைத்திருந்தான். முதுகு நிமிர்ந்தது. கண்கள் மூடின. வடவள்ளியில் பார்த்த அதே கோலம்! கிருபாசங்கருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

படம் பிடித்துக் குரூப்பில் போட்டான். முதல் ஆளாக ரவிக்குமார் கைதட்டினான். தொடர்ந்து தனியாக ஒரு செய்தி வந்தது. 'அண்ணா, அது என்ன மாடலுங்க? எங்க கெடச்சுது?' கிருபாசங்கர் அதை வாசித்தான், மறுபடி வாசித்தான், மனைவியிடம் காட்டினான். பதில் மட்டும் போடவில்லை. கிடந்து வேகட்டும்.

"இன்னொரு பக்கம் போடட்டுங்களா மாமா?"

"போடுங்க மாப்பிள்ளை. ஆசையா வாங்கியிருக்கறீங்க."

இரண்டு பக்கம் என்ன, கையிலிருந்த தட்டு அத்தனையும் ஓடியது. கடைசித் தட்டு நின்றதும் மாமனார் துண்டை அவிழ்த்தார்.

"நெம்ப அருமைங்க மாப்பிள்ளை."

"அப்ப தங்கறது நம்ம ஊட்டுலதானுங்களே மாமா?"

"அதையுந்தான் சொல்லலாம்னு வந்தேனுங்க." மாமனார் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். "கொஞ்சம் யோசன பண்ணிச் சொல்றேனுங்க. அம்மணி, காப்பி வேண்டாங்கண்ணு, வாரேன்."

இதுவரை காபி குடிக்காமல் அவர் அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. பாட்டின் மயக்கம் இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது என்றுதான் கிருபாசங்கர் நினைத்தான். சேரில் அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

காரின் பின்சீட்டில் மாமனார் அதற்குள் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பங்காரு டிக்கியைத் திறந்து வைத்து, கீழே எடுத்து வைத்திருந்த சூட்கேஸ், தலையணை, போர்வை எல்லாவற்றையும் மறுபடி உள்ளே திணித்துக்கொண்டிருந்தான்.

"என்ன பங்காரு, பொட்டி படுக்கையெல்லாம்? எந்த ஊருக்கு?"

பங்காரு டிக்கியைச் சத்தம் வராமல் மெதுவாகச் சாத்தினான்.

"இங்கதானுங்க வந்தாரு. 'சத்தமில்லாம நிம்மதியாத் தூங்கறதுக்குப் பெரிய மாப்பிள்ளை ஊட்டுக் கட்டல விட்டா எனக்கு வேற எடமில்ல பங்காரு, இன்னைக்கே போயி இருந்துக்கறேன்'னு வழி நெடுகச் சொல்லீட்டு வந்தாருங்க. இப்ப ஆஸ்பத்திரிப் பக்கமா ஒரு லாட்ஜு பாருங்கறாரு... ஏனுங்க, லாட்ஜுல பாட்டுக் கீட்டு வெக்க மாட்டாங்கல்லங்க?"