குந்தளதேவி மேல் பாய்ந்த அம்புகள்

குந்தளதேவி எந்த அத்தியாயத்தில் செத்துப்போனாள் என்பது தெரியாமல், கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஜெயசீலன் நெளிந்தார். மறுமுனையில் அரக்கோணத்திலிருந்து சுந்தரமூர்த்தி காத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க சம்பந்தி, எந்த இடம் உங்கள உலுக்கிடுச்சு?"

"அதாங்க... ராணி செத்த இடம். கண்ணு கலங்கிப் போச்சு."

"ராணி சாவலையே சம்பந்தி! கடைசி அத்தியாயத்துல சிம்மாசனத்துல ஏறி ஒக்கார்றாளே!"

"அதத்தாங்க நானும் சொல்றேன். செத்துருவாளோ செத்துருவாளோன்னு நெனச்சே கண்ணு கலங்கிடுச்சு."

"ஆஹா!" என்றார் சுந்தரமூர்த்தி. "அதுக்குத்தான் சம்பந்தி அந்த நஞ்சுக் கிண்ணத்த வெச்சேன்! நீங்கதான் ரசிகரு. அப்டியே எழுதிடுங்க."

ஜெயசீலன் கைபேசியை வைத்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தார். பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி பாரதி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"அந்தப் புக்க ஒழுங்காப் படிச்சித் தொலைச்சா இன்னா?"

"படிச்சேன் பாரதி. நான் படிக்கிற மாதிரி படிச்சேன்."

அவர் படிக்கிற மாதிரி என்றால் அது தனி மாதிரி. ஆம்பூரில் ஏற்றுமதிக்கு ஷூ தைக்கும் கம்பெனியில் ஜெயசீலன் கடைசிச் சோதனைப் பிரிவின் சூப்பர்வைசர். மலைபோல் குவிந்திருக்கும் சரக்கில் இங்கொரு பெட்டி, அங்கொரு பெட்டி என்று உருவிப் பிரித்துப் பார்ப்பார். குறை கண்ட இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். உருவியதில் பெரிய குறை இல்லையென்றால் மொத்தச் சரக்கும் கப்பலேறிவிடும். எல்லாப் பெட்டியையும் பிரித்துப் பார்ப்பவன் வேலை தெரியாதவன் என்பது அவர் கொள்கை.

பாலாற்றில் தண்ணீர் வருவதைவிடச் சற்று அடிக்கடி வெளிவரும் 'பாலாற்று அலை' என்ற மாத இதழுக்குப் புத்தக விமர்சனம் எழுதும்போதும் அவர் இந்தக் கொள்கையைக் கைவிடவில்லை. நாவலில் இங்கொரு பக்கம், அங்கொரு பக்கம் உருவுவார், அம்பு ஒட்டுவார், தீர்ப்பு எழுதுவார். வேலூரிலிருந்த ஆசிரியர் ஜோசுவாவும் அதை அப்படியே அச்சிட்டுவிடுவார். தன் பெயர் அச்சில் வருவதைப் பார்க்கும் சுகத்துக்காக ஜெயசீலன் எத்தனை நாவலை வேண்டுமானாலும் படிக்காமல் இருக்கத் தயாராக இருந்தார்.

வினை இந்த முறை பெண் பார்க்கும் சடங்கில் வந்தது. மகள் பூர்ணிமாவைப் பார்க்கத் தன் பையனோடு வந்த சுந்தரமூர்த்தி ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு 'குந்தளதேவியின் முத்திரை மோதிரம்' என்று அரண்மனைச் சதி நாவல் ஒன்றை எழுதிச் சொந்தக் காசில் அச்சடித்தும்விட்டார். பெண்ணின் அப்பா புத்தக விமர்சகர் என்று தெரிந்ததும் மனிதர் பெண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டார். தாம்பாளத்தில் பூவுக்குப் பக்கத்தில் செங்கல் கனத்தில் அந்த நாவலை வைத்து நீட்டினார்.

"மொதல்ல உங்க விமர்சனம் வரட்டும் சம்பந்தி. நிச்சயதார்த்தத் தேதிய அப்புறம் பாத்துக்கலாம்."

மகளின் கல்யாணம் ஒரு ராணியின் கையில் போய் மாட்டிக்கொண்டது இப்படித்தான். நல்ல இடம், நல்ல பையன். பூர்ணிமாவும் எப்போதும்போல் ஆயிரம் நொட்டை சொல்லாமல் உடனே தலையாட்டியிருந்தாள். இதைக் கெடுத்துக்கொண்டால் பாரதி அவரைச் சும்மா விடமாட்டாள்.

அன்று மாலையே அடுத்த கோரிக்கை வந்தது. புத்தகத்தைக் கையில் பிடித்தபடி ஒரு போட்டோ வேண்டுமாம், பேஸ்புக்கில் போட. ஜெயசீலன் இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து, கொஞ்சம் சிந்தனையோடு பார்க்கும் பாவனையில் எடுத்து அனுப்பினார். அடுத்த நிமிடமே கைபேசி அலறியது.

"சம்பந்தி, புக்கு ஓரத்துல செவப்பு செவப்பா நீட்டிக்கினு இருக்கே, அது இன்னா?"

அவ்வளவும் அம்பு. மந்திரி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய், உள்ளே செருப்புச் சத்தம் கேட்க நடந்த பக்கத்தில் ஒன்று. தளபதி குதிரை ஏறும்போது வெறுங்காலோடு ஏறி, இறங்கும்போது மிதியடியோடு இறங்கிய பக்கத்தில் ஒன்று. நாவலில் காலுக்கு மேலே என்ன நடந்தாலும் அவர் கண்ணில் படாது. தொழில் அப்படி.

"அதுங்களா... எனக்குப் புடிச்ச எடமெல்லாம் அடையாளம் வெச்சிருக்கேங்க."

"அவ்ளோ எடமா!" என்று சுந்தரமூர்த்தி பூரித்துப் போனார். "நேர்ல வந்து ஒவ்வொண்ணாப் பாக்கணும் சம்பந்தி. ஞாயித்துக்கெழம என் சம்சாரம் சம்பூர்ணத்தக் கூட்டிக்கினு வந்துர்றேன். அப்டியே தேதியும் பேசி முடிச்சிடலாம்."

ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்புகளைப் பிடுங்கி வேறு நல்ல இடங்களில் ஒட்டிவிடலாம் என்று ஜெயசீலன் உட்கார்ந்தார். ஆனால் அந்த ஸ்டிக்கர் தோலில் ஒட்டிப் பிடுங்கச் செய்தது, தாளுக்குச் செய்ததல்ல. முதல் அம்பைப் பிடுங்கியதும் தளபதியின் பெயர் அதோடு வந்துவிட்டது. இரண்டாவதில் மந்திரியின் சதியாலோசனை பாதி போயிற்று. தண்ணீர் தொட்டுத் தடவிப் பார்த்தார். அந்தப்புரம் முழுக்க ஊறிப் பொத்தலாகிவிட்டது.

பூர்ணிமா எட்டிப் பார்த்து, "ஐயோ அப்பா, இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க!" என்றாள்.

"புதுசு ஒண்ணு வாங்கிட்டாப் போச்சு. நீ போய்ப் படு."

வாங்கலாம்தான். ஆனால் அந்த நாவலை உலகத்தில் விற்பவர் ஒரே ஒருவர், எழுதியவர். ஜெயசீலன் யோசித்து, கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் கவுஸ் பாஷாவின் பெயரில், கம்பெனி விலாசம் கொடுத்து, அவர் கைபேசியிலிருந்தே ஒரு பிரதிக்குப் பணம் கட்டினார். இருவரும் பல வருஷ தோஸ்துகள். கவுஸ் பாஷாவின் மகள் உமைமாவும் பூர்ணிமாவும் வேலூரில் ஒரே கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். உதவி என்று கேட்டால் கவுஸ் பாஷா ஏன் என்று கேட்கமாட்டார்.

பிரதி வரவில்லை. சுந்தரமூர்த்தியின் அழைப்புதான் வந்தது.

"சம்பந்தி! உங்க ஊர்ல எனக்கு ஒரு வாசகர் கெடச்சிருக்காரு! கவுஸ் பாஷான்னு பேரு, ஷூ கம்பெனியாம். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லத்தான் ஜெயசீலன் வாயைத் திறந்தார். "நம்ம தோஸ்துதாங்க" என்று வந்து விழுந்தது.

"அப்ப ஞாயித்துக்கெழம அவரையும் வரச் சொல்லுங்க. கையெழுத்துப் போட்டு நேர்லயே குடுத்துடறேன். கூரியர்ல அனுப்பிச்சா வாசகருக்கு இன்னா மரியாத?"

சேதி கேட்ட கவுஸ் பாஷா தலையில் கை வைத்துக்கொண்டார். "அட பேஜாரே! நான் உருது ஸ்கூல்ல படிச்சவன் தோஸ்த். தமிழ்ல பஸ் போர்டு மட்டுந்தான் படிப்பேன். அதுவும் பஸ் நின்னாத்தான்."

"நீ ஒண்ணும் படிக்க வேணாம். எது கேட்டாலும் 'பிரமாதம்'னு சொல்லிடு."

ஞாயிற்றுக்கிழமை சுந்தரமூர்த்தி ஜரிகை வேட்டியோடும் சம்பூர்ணத்தோடும் வந்து இறங்கினார். கவுஸ் பாஷா வீட்டிலிருந்து ஒரு சட்டி பிரியாணியோடு வந்தார். கூட வந்த உமைமா நேராக அடுப்பங்கரைக்குப் போய்ப் பூர்ணிமாவோடு சேர்ந்துகொண்டாள். சாப்பாடு முடியும்வரை எல்லாம் நன்றாகவே போயிற்று. கை கழுவிய ஈரம் காய்வதற்குள் சுந்தரமூர்த்தி புதுப் பிரதியைப் பிரித்துப் பேனாவை எடுத்தார்.

"பாய், என் நாவல் ஒண்ணு இருக்குன்னு எப்டிக் கேள்விப்பட்டீங்க?"

"பிரமாதம்."

"இல்ல, யாரு சொன்னாங்க?"

"பிரமாதம்" என்றார் கவுஸ் பாஷா இன்னும் அழுத்தமாக.

சுந்தரமூர்த்தி நெகிழ்ந்துவிட்டார். 'என் முதல் வாசகச் செல்வருக்கு' என்று எழுத்து எழுத்தாகப் பொறித்து, எழுந்து நின்று, இரண்டு கையாலும் நீட்டினார். அந்த ஆனந்தம் நிறைந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கக் கவுஸ் பாஷாவுக்கு மனசு கேட்கவில்லை. நல்ல மனிதர்களிடம் ரகசியத்தைச் சொல்வதில் இந்த ஒரு தொல்லை உண்டு.

"சார், நீங்க பெரியவரு, உங்ககிட்ட பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது? எனக்குத் தமிழ் படிக்க வராது. ஜெயசீலன்தான் வாங்கச் சொன்னான். அவன் புக்கு கிழிஞ்சிடுச்சு."

"கிழிஞ்சிடுச்சா? எங்க, எடுங்க பாக்கலாம்."

வேறு வழியில்லை. பாரதி உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள். சுந்தரமூர்த்தி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பொத்தலைப் பார்த்தார். பிடுங்காமல் விட்ட அம்புகளுக்குப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்ததை வாய்விட்டே படித்தார்.

"'குதிரை ஏறும்போது மிதியடி இல்லை, இறங்கும்போது இருக்கிறது. ரிஜெக்ட்.' 'ராணி ஓடும் சத்தம் டக் டக் என்கிறது. எந்த ஹீல்ஸ்? ரிஜெக்ட்.'"

அவர் புத்தகத்தை மூடினார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அடிபட்ட குழந்தைபோல் ஆகிவிட்டது அவர் முகம். ஜெயசீலனுக்கு வெட்கமாகவும் பாவமாகவும் இருந்தது. ஒரு மனிதர் வருஷக்கணக்காகக் கண்விழித்து எழுதியதைத் தான் சரக்குப் பெட்டி மாதிரி உருவிப் பார்த்திருக்கிறோம் என்று முதன்முறையாக உறைத்தது.

"கெளம்பலாம் சம்பூர்ணம்" என்றார் சுந்தரமூர்த்தி. "நம்ம குடும்பத்துக்கும் இவங்களுக்கும் ஒத்து வராது."

"இருங்க, பாயசத்த முடிச்சிக்கறேன்" என்றாள் சம்பூர்ணம்.

அடுப்பங்கரை வாசலில் நின்ற பூர்ணிமாவின் முகம் வெளுத்து, கண் நிறைந்துவிட்டது. ஒரே ஒரு தடவை பார்த்த பையனுக்காக இந்தப் பெண் இப்படிக் கலங்குகிறாளே என்று ஜெயசீலனுக்கு நெஞ்சு பதைத்தது. மன்னிப்புக் கேட்க எழுந்தார்.

செருப்பு மாட்டப் போன சுந்தரமூர்த்தி டிவி மேசைக்குப் பக்கத்தில் நின்றார். அங்கே இன்னொரு புத்தகம், முள்ளம்பன்றிபோல் உடம்பெல்லாம் சிவப்பு அம்போடு கிடந்தது.

"இது இன்னா?"

"அதுவும் விமர்சனத்துக்கு வந்ததுங்க. 'செமஸ்டர் முடிவதற்குள்'. காலேஜ் காதல் கதை. யாரோ தூரிகான்னு, புனைபேருல எழுதியிருக்காங்க."

"என்னுதவிட அம்பு ஜாஸ்தியா இருக்கு?"

"ரொம்ப ஜாஸ்திங்க! உங்க ராணி கால் தூசுக்கு ஆகாது இது. உங்களுதுல செருப்பு மட்டுந்தான் கோளாறு. இதுல கதையே கோளாறு, ஆத்திரத்துல முழுசாவே படிச்சிட்டேன்."

சுந்தரமூர்த்தி செருப்பை மறந்து திரும்பி வந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க, கேப்போம்."

"காலேஜ்ல ஒரு பொண்ணும் பையனும் காதலிக்கறாங்க. வீட்ல சொல்லப் பயம். அதனால அந்தப் பொண்ணு அவங்கப்பா போனுல, கல்யாணத்துக்கு வரன் பாக்கற ஆப்ல, அந்தப் பையனோட ஊரு, படிப்பு, ஒசரம் எல்லாத்தையும் முன்னாடியே தட்டி வெச்சிடறா. அப்பா எப்பத் தொறந்தாலும் அந்தப் பையன் மூஞ்சிதான் வருது. அவரு, தானே தேடிக் கண்டுபுடிச்சதா ஊரெல்லாம் பீத்திக்கறாரு!"

சுந்தரமூர்த்தி தொடையில் தட்டிச் சிரித்தார். "எந்த அப்பனாவது இப்டி மாங்கா மடையனா இருப்பானா?"

"அதானே! நானும்தான் உங்க பையன ஆப்ல தேடிப் புடிச்சேன். அலசி ஆராய்ஞ்சி இல்ல புடிச்சேன்?"

"பையனோட அப்பன்?"

"அவரு இவரவிட மோசம். பையன், 'எனக்குக் கல்யாணமே வேணாம்'னு வேணும்னே முறுக்கிக்கறான். அவரு வீம்புக்குன்னே, 'இந்தப் பொண்ணத்தான் நீ கட்டணும்'னு ஒத்தக் கால்ல நிக்கறாரு."

"த்தூ! எம்புள்ளயும்தான் வேணாம்னான். ஒரே அதட்டுதான், பொட்டிப்பாம்பா அடங்கிட்டான். அப்பன்னா அப்டி இருக்கணும். இவங்களுக்கெல்லாம் எதுக்கு பேனா?"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கவுஸ் பாஷாவும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்து, "பிரமாதம்" என்றார். மன்னிப்பு இனித் தேவைப்படவில்லை. இருந்தாலும் ஜெயசீலன் சுந்தரமூர்த்தியின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். ராணியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தே எழுதுவதாகச் சத்தியமும் செய்தார். சுந்தரமூர்த்தி பஞ்சாங்கத்தை எடுக்கச் சொன்னார். தை மாதத்தில் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்து, வெற்றிலை பாக்கும் மாற்றிக்கொண்டாயிற்று.

உமைமா டீ கொண்டுவந்தாள். காதல் கதையைப் பற்றிப் பெரியவர்கள் பேசியதில் கூச்சப்பட்டாளோ என்னவோ, அவள் காது சிவந்திருந்தது.

"ஏம்மா, நீ சொல்லு" என்றார் சுந்தரமூர்த்தி, டீயை வாங்கிக்கொண்டே. "இந்தக் காலத்துப் பசங்க நீங்க. இந்தக் கதைய நம்பற மாதிரியா எழுதியிருக்கு?"

உமைமா தட்டை மேசைமேல் வைத்தாள்.

"இந்தக் கதைய எழுதும்போது, 'எந்த அப்பாவும் இவ்ளோ ஏமாற மாட்டாங்கடி'ன்னு நானும் சொன்னேன் அங்கிள், பூர்ணிமாதான், 'எங்கப்பாவும் ஏமாறுவாரு, அவனோட அப்பாவும் ஏமாறுவாரு, நீ பாட்டுக்கு எழுதுடி'ன்னா."